இதர குறிப்புகள்

அறுபது படிவங்கள் அனுப்பியதில் நாற்பத்தொன்று திரும்பி வந்துவிட்டன. புனேயில் ஒரு டாக்டரிடம் கொடுத்த தாளைத் திரும்ப வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அதுவும் 2004-ஆம் வருஷத்து மழையில், பாதித் தெரு தண்ணீருக்குள் கிடக்கும்போது. மங்கையர்க்கரசிக்குத் தன்மேல் கொஞ்சம் கர்வம்கூட வந்திருந்தது. வரட்டுமே, யாருக்குத்தான் வராது?

அவள் புனேயிலேயே கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். மகள் படித்தது ஆக்குபேஷனல் தெரபி. கை கால் சொன்ன பேச்சைக் கேட்காத குழந்தைகளுக்குப் பொத்தான் போடவும் பென்சில் பிடிக்கவும் பந்து பிடிக்கவும் பழக்குகிற வேலை. புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் அவளுடைய மையம். கூட வேலை செய்கிற மராட்டிக்காரர்கள் அவள் பெயரை முழுசாகச் சொல்லப் பார்த்து, முடியாமல், மங்கை என்று சுருக்கிவிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

படிவத்தின் கதை இதுதான். அடிக்கடி விழுகிற, கையில் எடுத்ததையெல்லாம் நழுவ விடுகிற குழந்தைகளுக்கு ஊரில் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். யார் எந்தப் பெயரை என்ன அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று கணக்கெடுத்து டிசம்பரில் ஒரு மாநாட்டில் படிக்க வேண்டும் என்பது மங்கையின் ஆசை. அதற்காக ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் பற்றிப் பத்து வரி எழுதினாள். ஷூ லேஸ் கட்டத் தெரியாது, தண்ணீரைச் சிந்துவாள், பந்தைப் பிடிக்க மாட்டாள், எழுத்து கோணும், அடிக்கடி தடுக்கி விழுவாள், பேச்சிலும் புத்தியிலும் ஒரு குறையும் இல்லை. அதன் கீழே, இந்தக் குழந்தையின் சிரமத்துக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் என்று ஒரு கேள்வி. அதற்கும் கீழே, மரியாதைக்காக, ‘இதர குறிப்புகள்’ என்று போட்டு மூன்று கோடுகள்.

பதில்களைப் படித்து அவள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். நரைத்த தலை டாக்டர்கள், முப்பது வருஷத்துக்கு முன் படித்ததை விடாமல், மூளையில் ஏதோ சின்னக் கோளாறு என்று எழுதியிருந்தார்கள். குழந்தை மருத்துவர்களில் பாதிப் பேர் ‘கிளம்ஸி சைல்ட்’, அதாவது தட்டுத் தடுமாறுகிற குழந்தை என்றார்கள். பள்ளி ஆலோசகர்களுக்கு ‘டிஸ்பிராக்ஸியா’ என்ற சொல் பிடித்திருந்தது. ஆனால் அதில் மூன்று பேர் அது பேச்சுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மங்கையைப் போன்றவர்கள், புதுப் புத்தகம் படித்தவர்கள், ‘டி.சி.டி.’, அதாவது அசைவுகள் ஒருங்கிணையாத வளர்ச்சிக் கோளாறு, என்றார்கள். விளையாட்டு ஆசிரியர் ஒருவர் மட்டும் ஒரே வார்த்தையில் சோம்பேறி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

பெயர்களையெல்லாம் கணினியில் ஏற்றினாள். இதர குறிப்புகளுக்குக் கணினியில் கட்டம் போடவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர்தான் அங்கே ஏதோ கிறுக்கியிருந்தார்கள், அதை எண்ணி என்ன செய்வது என்று படிக்காமலே தாள்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மேஜைக்கடியில் தள்ளிவிட்டாள்.

அந்தப் பத்து வரிக் குழந்தை கற்பனை இல்லை. மீனு என்று ஒரு பெண். அம்மா ஸ்ரீலக்ஷ்மி கோயமுத்தூர்க்காரி, மகர்பட்டாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீடும் அங்கேயே ஒன்பதாவது மாடியில். போன வருஷம் மே மாதத்திலிருந்து வாரம் தவறாமல் வியாழக்கிழமை சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மங்கை முதல் மாதமே பரிசோதனையெல்லாம் செய்து டி.சி.டி. என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெயரில் ஓர் ஆறுதல் உண்டு. வளர வளரச் சரியாகலாம், சரியாகாமலும் போகலாம், ஆனால் மோசமாகாது. பயப்படாதீங்க, இது ஏறாது என்று மங்கை சொன்னபோது ஸ்ரீலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

ஆனால் இந்த ஜூனிலிருந்து மீனு முன்னைவிட அதிகம் விழுந்தாள். போன தீபாவளிக்குப் போட்ட பொத்தானை இப்போது போட வரவில்லை. டி.சி.டி. மோசமாகாது என்று புத்தகம் சொல்கிறது. அப்படியானால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? வீட்டில் பயிற்சி செய்வதில்லை. அவ்வளவுதான். மங்கை இதை ஸ்ரீலக்ஷ்மியிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனாலும் சுருக்கென்று சொன்னாள். “நாங்க தெனமும் செய்யறோமுங்க மேடம்,” என்று அந்தப் பெண் முணுமுணுத்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்டு முதல் வியாழக்கிழமை. மீனு படம் வரைந்துகொண்டிருந்தாள். தலை இடதுபக்கம் சாய்ந்திருந்தது. மங்கை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்தாள். விட்டதும் மெல்ல மெல்லத் திரும்பவும் சாய்ந்தது. மூன்று தடவை நிமிர்த்தினாள், மூன்று தடவையும் அப்படியேதான். மீனு அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு, ஒரு முகவரியைச் சரிபார்க்க மங்கை பெட்டியை இழுத்தாள். மேலேயே கிடந்தது பதினேழாம் எண் படிவம். இதர குறிப்புகளில் நீல மசியில் நடுங்கிய கையெழுத்து. *தலை இடதுபுறம் சாயும். நிமிர்த்திவிட்டாலும் நிற்காது.*

உறையின் மேல் தபால் முத்திரையைப் பார்த்தாள். ஜூன் இருபத்தெட்டு. தான் எழுதிய பத்து வரியைத் திரும்ப எடுத்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். தலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எப்படி இருக்கும், ஜூனில் மீனுவின் தலை நேராகத்தானே இருந்தது! மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது.

பதினேழு என்பது யார் என்று பதிவேட்டில் பார்த்தாள். டாக்டர் பக்தவத்சலம், கட்கியில் நாற்பது வருஷமாகக் குழந்தைகளைப் பார்க்கிறவர், மங்கைக்கே சின்ன வயதில் ஊசி போட்டவர். போன் செய்து, சார், தலை சாயும் என்று எழுதியிருக்கிறீர்களே, எதை வைத்து எழுதினீர்கள் என்று கேட்டாள். அவர் கொஞ்சம் எரிச்சலாகவே, உன் தாளில் இருந்ததைத்தானம்மா எழுதினேன் என்றார். தாளில் அப்படி இல்லை என்றாள். இருந்தது என்றார். இல்லை சார், என் கையில்தான் இருக்கிறது என்று அவள் பத்து வரியையும் வாசித்துக் காட்டினாள். பிறகு அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை ஸ்ரீலக்ஷ்மி தனியாகப் பேச வேண்டும் என்றாள். மீனு காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்கிறாளாம். பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடுகிறதாம். ஸ்கூலுக்குப் போகாமலிருக்க நடிக்கிறாளோ என்று அவள் அப்பா சந்தேகப்படுகிறாராம். மங்கை தலையை ஆட்டினாள், ஏதோ சமாதானம் சொன்னாள், அவர்களை அனுப்பிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தாள். ஒன்பதாம் எண். சிவாஜி நகர் பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி. *காலையில் வாந்தி. பத்து மணிக்குச் சரியாகிவிடும். பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் நடிப்பதாக வீட்டில் நினைத்தார்கள்.* அவளிடம் கேட்டதற்கும் அதே பதில்தான் வந்தது. உங்கள் படிவத்தில் இருந்ததே, நான் அதைத்தான் திருப்பி எழுதினேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

‘நினைத்தார்கள்’ என்று எழுதியிருந்ததை மங்கை அப்புறம்தான் கவனித்தாள். படிவத்துக் குழந்தை இப்போது இருக்கிற குழந்தை. எல்லா வரியையும் மங்கை அப்படித்தான் எழுதியிருந்தாள். இந்த பிசியோதெரபிஸ்ட் ஏன் முடிந்துபோன கதையாக எழுதுகிறாள்?

இதற்கு மேல் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். மங்கைக்குத் தெரியாதா? தெரியும். தலை சாய்வதும் காலை வாந்தியும் சேர்ந்து வந்தால் உடனே மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று அவளே மாணவிகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். ஆனால் அப்போது அவள் தெரபிஸ்டாக யோசிக்கவில்லை, பயந்துபோன மனுஷியாக யோசித்தாள். அந்தத் தாள்களில் இருப்பது அப்படியே நடக்கிறது, படித்தால்தான் நடக்கிறது, படிக்காவிட்டால் நடக்காது. இப்படி ஒரு கிறுக்குத்தனம் அவள் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த திங்கட்கிழமை பெட்டியைச் சணலால் கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பத்து நாள் அதன் பக்கமே போகவில்லை, நடுவில் வந்த வியாழக்கிழமைக்கும் மழையைச் சாக்குச் சொல்லி மீனுவை வர வேண்டாம் என்றாள். அந்தப் பத்து நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

பதினோராம் நாள் அவளே பூட்டைத் திறந்தாள். எத்தனை நாளைக்குத்தான் ஒரு பெட்டிக்குப் பயந்து சாவது? ஒவ்வொரு படிவமாகப் புரட்டினாள். பெரும்பாலும் நன்றி, வாழ்த்து, தேநீர்க் கறை. இருபத்து மூன்றாம் எண்ணில் மட்டும் மூன்று கோடுகளும் நிறைந்திருந்தன. பள்ளி ஆசிரியைகளுக்கே உரிய குண்டு குண்டான, சுத்தமான எழுத்து. *மாடிப்படி ஏறும்போது எண்ணுவாள். ஏழாம் படியை விட்டுவிடுவாள். கடைசியில் எண்ணுவதையும் நிறுத்திவிட்டாள்.*

மங்கைக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மீனு படி ஏறும்போது எண்ணுகிற பழக்கமே கிடையாது. மகர்பட்டா வீட்டில் லிஃப்ட். இங்கே பதினோரு படி, அதையும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிடுவாள்.

அன்று வியாழக்கிழமை. நாலரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கீழே ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டு மங்கை படி வாசலில் வந்து நின்றாள். மீனு ஒரு கையால் கைப்பிடியையும் ஒரு கையால் அம்மாவின் புடவையையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். வலது கால் ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு வந்தது. வாய் முணுமுணுத்தது. “நாலு. அஞ்சு. ஆறு.” அங்கே நின்றாள். வலது காலைத் தூக்கி, ஒரு படியை விட்டுவிட்டு, அதற்கடுத்த படியில் தடுமாறி வைத்தாள். “எட்டு.”

மங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள். இது எத்தனை நாளாக என்று ஸ்ரீலக்ஷ்மியிடம் கேட்டாள்.

“ஒரு வாரமாத்தானுங்க மேடம். ஆபீஸ் படி, கோயில் படி, எங்க ஏறினாலும் இப்படித்தான். யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னே தெரியலைங்க. இவளுக்குத் தமிழ்ல எண்ணவே வராதுங்களே.”

அன்றைக்குப் பயிற்சி எதுவும் நடக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் அவர்களை அனுப்பிவிட்டு, பதிவேட்டில் இருபத்து மூன்றைத் தேடினாள். செல்வமேரி, ஓய்வுபெற்ற ஆசிரியை, கட்கி பஜாருக்குப் பின்தெரு. மங்கை மழையோடு ஆட்டோ பிடித்தாள்.

செல்வமேரி டீச்சருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கண்ணாடிக்குப் பின்னால் அசையாத கண்கள். மங்கையின் அப்பா பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். ஒரே தொழிற்சாலைக் குடியிருப்புத்தான். டீ போட்டுக் கொடுத்து எதிரே உட்கார்ந்தார். மங்கை படிவத்தை நீட்டி, இது யாரைப் பற்றி எழுதினீர்கள் டீச்சர் என்று கேட்டாள்.

“பாப்பா பேரை நீ எழுதலையேம்மா,” என்றார் டீச்சர். “எனக்குத் தெரிஞ்ச பாப்பா ஒண்ணுதான். அவளைத்தான் எழுதினேன்.”

மகள் பெயர் ஜெசிந்தா. தொண்ணூற்றொன்றில் ஏழு வயது. விழுந்துகொண்டே இருந்தாளாம். பெரிய டாக்டரிடம் காட்டியபோது கிளம்ஸி சைல்ட் என்று எழுதிக் கொடுத்தாராம், வயசானால் சரியாகிவிடும் என்றாராம். இன்னொருவர் வேறு பெயர் சொல்லி அதையே சொன்னாராம். குடியிருப்பில் அவர்கள் வீட்டு மாடிப்படியில் ஏழாவது படி உடைந்திருந்தது. அதில் கால் வைக்காதே என்று பழக்கியதில், அந்தப் பெண் எந்த ஊர் மாடிப்படி ஏறினாலும் ஏழாவது படியை விட்டுவிடுவாளாம். எட்டு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மண்டைக்குள் கட்டி இருந்தது என்று கடைசி வாரம்தான் தெரிந்ததாம்.

“பேரு வச்சப்புறம் எல்லாரும் அந்தப் பேரைத்தாம்மா பாத்தாங்க. அவளை யாரும் பாக்கல,” என்றார் டீச்சர். “நானும் பாக்கல.”

எந்த டாக்டர் என்று மங்கை கேட்கவில்லை. நீல மசியில் நடுங்கிய கையெழுத்து கண்முன்னால் வந்து நின்றது. அவருக்கும், அந்த சிவாஜி நகர்ப் பெண்ணுக்கும், தாளில் இல்லாத வரி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போது புரிந்துபோயிற்று. ஆளுக்கு ஒரு குழந்தை இருந்திருக்கிறது. வெளியே சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். இவள் ஒரு தாளை நீட்டிக் குழந்தை என்று சொன்னதும், அவரவர் குழந்தை வந்து அந்தப் பத்து வரிக்குள் நின்றுகொண்டது. ஆனால் மகர்பட்டாவில் ஒன்பதாவது மாடியில் இருக்கிற மீனுவுக்கு இந்தக் குடியிருப்பின் உடைந்த படி எப்படித் தெரிந்தது? எனக்கும் இன்றுவரை தெரியாது.

மங்கை தட்டுத் தடுமாறி மீனுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். தலை, வாந்தி, வலது கால், படி. டீச்சர் பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினார்.

“அந்தப் பாப்பா உசுரோட இருக்காளா?”

“இருக்கா டீச்சர்.”

“அப்ப இங்க உக்காந்து எதுக்கு டீ குடிச்சிட்டிருக்க?”

டம்ளரை எங்கே வைத்தாள் என்று மங்கைக்கு நினைவில்லை. தெருவில் நின்று, கொட்டுகிற மழையில், ஸ்ரீலக்ஷ்மிக்குப் போன் செய்தாள். நாளைக்கு வேண்டாம், இப்போதே கிளம்புங்கள் என்றாள். எதற்கு மேடம் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். மங்கை மருத்துவமனையின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஸ்கேனில் தெரிந்தது. பின்மண்டையில், வலதுபக்கம், ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு. மெதுவாக வளர்கிற வகை என்று சர்ஜன் சொன்னார். வருஷக்கணக்காக இருந்திருக்கும், இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது என்றார். பிறகு குழந்தை எப்போதிலிருந்து விழுகிறாள், யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். ஸ்ரீலக்ஷ்மியும் அவள் கணவனும் மங்கையைத் திரும்பிப் பார்த்தார்கள். பதில் தெரிந்த ஆள் என்று நம்பித்தான் பார்த்தார்கள், பாவம்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முதலில் அது வெறும் டி.சி.டி. மாதிரிதான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம், அதில் பாதி உண்மையும் இருந்தது.

“பதினைஞ்சு மாசமா என்கிட்டதான் வரா டாக்டர்,” என்றாள் மங்கை. “ஜூன்ல இருந்து மோசமாயிட்டு வந்தா. அம்மா சொன்னாங்க. நான்தான் கேக்கல. தலை சாயறது, வாந்தி, ரெண்டும் தெரிஞ்சப்புறமும் பத்து நாள் சும்மா இருந்தேன்.”

சர்ஜன் எழுதிக்கொண்டார். ஸ்ரீலக்ஷ்மியின் கணவன் நாற்காலியை விட்டு எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

அறுவை சிகிச்சை மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கி மத்தியானம் இரண்டு மணிக்கு முடிந்தது. கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் மீனு கண் திறந்து தண்ணீர் கேட்டாள். வலது கை நடுங்கும், நடை சரியாக மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பிழைத்துக்கொண்டாள். அதைக் கேட்டதும் மங்கை தாழ்வாரத்து பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாளிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று மங்கை எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஸ்ரீலக்ஷ்மி திட்டவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

“இதே பேரு சொல்லி இன்னும் எத்தனை குழந்தைங்க உங்ககிட்ட வர்றாங்க மேடம்?”

முப்பத்து நாலு. மங்கைக்கு எண்கள் எப்போதும் மனப்பாடம்.

மறுநாள் காலை மையத்தைத் திறந்ததும் முப்பத்து நாலு கோப்புகளையும் எடுத்து மேஜையில் அடுக்கினாள். எல்லாவற்றின் மேலும் அவள் கையெழுத்தில் அதே மூன்று எழுத்துகள். மேலே இருந்தது பூர்ணிமா, எட்டு வயது, ஏரவாடா. அம்மா சந்திரிகா வீட்டு வேலைக்குப் போகிறவள். போன மார்ச்சுக்குப் பிறகு மகளைக் கூட்டி வரவில்லை. பக்கத்து மளிகைக் கடை நம்பர்தான் கோப்பில் இருந்தது. கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. மங்கை காத்திருந்தாள்.

“சந்திரிகா, நான் கேம்ப்ல இருந்து மங்கை மேடம் பேசறேன். பூர்ணிமா இப்ப எப்படி நடக்கறா?”

மறுமுனையில் கடைக்குள் யாரோ ஹிந்தியில் அரிசி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க எப்ப கேப்பீங்க, எப்ப கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் மேடம்,” என்றாள் சந்திரிகா.